மாதுங்கா வீடுகளும் வாடகை ரசீதும்

மாதுங்காவில் பழைய மாடிக் கட்டிடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அந்த இடங்களில் உயரமான கோபுரங்கள் எழுகின்றன. பழைய அழகு போகிறதே என்று வருந்துவோர் பலர். லிப்ட் இல்லாத வீட்டுக்கு முழங்கால் வலியோடு படியேறும் பாட்டியிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்! கவலைப்பட வேண்டியது வேறொன்று.

1896-ல் பிளேக் நோய் பம்பாயை உலுக்கியது. அதன் பிறகு 1898-ல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்டின் திட்டத்தில் வந்தவைதான் தாதர்-மாதுங்காவின் அகலச் சாலைகளும் ஐந்து தோட்டங்களும். அங்கு எழுந்த வீடுகளில், டைப்பும் சுருக்கெழுத்தும் கற்று ரயிலேறி வந்த பாலக்காட்டு, தஞ்சாவூர், திருநெல்வேலி இளைஞர்கள் குடியேறினர். ஒருவர் பெயரில் வீடு. மைத்துனன், ஒன்றுவிட்ட தம்பி, வேலை தேடி வந்த ஊர்ப் பையன் எல்லோருக்கும் பால்கனியில் பாய். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றியது.

1947-ம் ஆண்டு வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் வாடகையையே அளவுகோலாக வைத்தது. குமாஸ்தா பிழைத்தார். வாடகை ஏறாததால் வீட்டுக்காரர் பழுது பார்ப்பதை மறந்தார். வீடு கைமாறும்போது 'பக்டி'ப் பணம் மறைவாகப் புழங்கியது; 1999-ம் ஆண்டுச் சட்டம் அதற்கு அனுமதி தந்தது.

இன்று 'செஸ்' கட்டும் பழைய கட்டிடங்களில் 51 சதவீதக் குடித்தனக்காரர்கள் சம்மதித்தால் இடித்துப் புதிதாகக் கட்டலாம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் குறைந்தது 300 சதுர அடி வீடு இலவசம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், கணக்கில் வருவது ரசீதில் பெயர் உள்ள குடித்தனம் மட்டுமே. பல வருடம் ஒரு மூலையில் ஒண்டியிருந்த மெஸ் சமையல்காரர் அந்தக் கணக்கில் இல்லை. தாராவியில் ரசீதுக்குப் பதில் தேதி: 2000 ஜனவரி 1-க்கு முன்பே இருந்ததற்குச் சான்று இல்லாதவருக்கு அங்கேயே இலவச வீடு கிடைக்காது.

ரசீது உள்ளவருக்கும் சிக்கல் உண்டு. சொற்ப வாடகை கொடுத்துவந்த ஓய்வூதியக்காரர், புதுக் கோபுரத்தில் லிப்டுக்கும் காவலுக்கும் மாதாமாதம் ஆயிரக்கணக்கில் எப்படிக் கட்டுவார்? அதனால்தான் விற்றுவிட்டு டோம்பிவிலிக்குப் போகிறார்கள்.

கட்டி முடியும்வரை வெளியே தங்க வாடகை யார் தருவது, எத்தனை வருடம், பராமரிப்புக்கு வைப்புநிதி எவ்வளவு என்பவை பதிவு செய்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்த பிறகு கேட்டால் பயனில்லை. மும்பைத் தமிழ்ச் சங்கங்கள் ஞாயிறுதோறும் ஒரு வக்கீலை உட்கார வைத்து, இந்த ஒப்பந்தங்களைத் தமிழில் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்யலாமே!