காய்ந்த துளியும் சாட்சி சொல்லும்
வடிதாளில் காயவைத்துச் சேமித்த இரத்தத் துளிகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்துவதை மலேரியா கண்காணிப்பின் நிரந்தர அங்கமாக்க வேண்டும். 2027க்குள் உள்ளூர்த் தொற்றே இல்லாத நிலை, 2030க்குள் முழு ஒழிப்பு என்பது இந்தியாவின் இலக்கு. நோயாளிகள் குறையக் குறைய, எஞ்சிய தொற்றைக் கண்டறிவது கடினமாகும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் ஏறத்தாழ 50க்குக் கீழே போனால் நுண்ணோக்கி தவறவிடக்கூடும்; மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை அவற்றையும் காட்டிக்கொடுக்கும். காய்ச்சலின்றி நடமாடுவோரிடமிருந்தும் கொசு நோயைக் கடத்தும் என்பதால் இது முக்கியம். ஈரம் படாமல் காத்தால் காய்ந்த துளியில் மரபணு நெடுங்காலம் நிலைக்கும். ஸ்பெயினின் எப்ரோ கழிமுகத்தில் 1940களில் கண்ணாடித் தகடுகளில் எடுத்த இரத்த மாதிரிகளிலிருந்து ஒட்டுண்ணியின் மரபணுத் தடயங்களை ஆய்வாளர்கள் மீட்டிருக்கிறார்கள். இச்சோதனையில் செலவும் காலதாமதமும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே காய்ச்சலுடன் வருவோருக்கு உடனடிப் பரிசோதனையும் சிகிச்சையும் வழக்கம்போல் தொடரட்டும்; சேமித்த துளிகள் மறைந்திருக்கும் தொற்றைத் தேடப் பயன்படட்டும். கடலுக்கு அப்பால் இலங்கை 2016இலேயே மலேரியா இல்லாத நாடாகச் சான்று பெற்றுவிட்டது. துறைமுகமும் மீன்பிடித் தொழிலும் ஆட்களை இடைவிடாமல் கொண்டுவரும் தூத்துக்குடி மாவட்டத்தில், ஓட்டப்பிடாரம் போன்ற வட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம். மாதிரி தருவோரின் ஒப்புதலும் அடையாள இரகசியமும் காக்கப்பட வேண்டும். இதற்கான நிதியையும் ஆய்வக வசதியையும் மாநில அரசு தாமதமின்றி ஒதுக்க வேண்டும்.