கட்டுப்பாடும் காட்டுவழியும்

நியூசிலாந்தின் தென்தீவில், தே அனாவ் ஏரியின் வடகோடியில் தொடங்கி, மெக்கின்னன் கணவாயை ஏறிக் கடந்து, மில்ஃபோர்டு கடற்கழியில் போய் முடிகிற 53.5 கிலோமீட்டர் நடைவழியில், கோடைப் பருவத்தில் வழிகாட்டியின்றிச் செல்ல நாளொன்றுக்கு 40 பேருக்கே அனுமதி உண்டென்றும், அவர்களும் ஒரே திசையில் நடந்து, முன்பதிவு செய்த குடில்களில் 3 இரவுகள் தங்கியே தீரவேண்டுமென்றும், இடையில் எங்கும் கூடாரம் அடிக்கலாகாதென்றும் கேள்விப்படுகிறவர், காட்டுக்குப் போவதற்குமா இத்தனை சட்டதிட்டம் என்று முகம் சுளிக்கக்கூடும்.

இந்த மில்ஃபோர்டு வழி உட்பட, அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்பு இலாகா ‘மாபெரும் நடைகள்’ என்று பெயரிட்டுப் பராமரிக்கும் வழிகள் இன்று 11. அவற்றுள் ஒன்றான வாங்கனுய், பெயரளவில் நடையே தவிர, உண்மையில் ஆற்றின்மீது தோணியில் செல்லும் பிரயாணம். மற்றொன்றான பாப்பரோவா, 2010-இல் பைக் ரிவர் சுரங்க விபத்தில் மாண்ட 29 பேரின் நினைவைப் போற்றும் பொருட்டு உண்டானது. மாலையில் நனைந்த காலணியோடு இவ்வழிகளின் குடிலை அடைகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பவை மெத்தையிட்ட பலகைப் படுக்கை, சமையலுக்குக் கேஸ் அடுப்பு, சீட்டைச் சரிபார்த்து மறுநாளைய வானிலையைச் சொல்லும் காவலர் ஆகிய இவ்வளவே. உணவையும் போர்வையையும் அவரே சுமந்து வரவேண்டும். குப்பையையும் அவரே சுமந்து திரும்பவேண்டும். எண்ணிக்கைக்கு வரம்பில்லையேல் இந்த எளிய சௌகரியமும் நிலைக்காது. ஈரம் வற்றாத அப்பிரதேசத்து மண்பாதை சேறாகிவிடும்.

ஆயினும், வரம்பு கட்டுகிற அதிகாரம் யாருடைய நன்மைக்காகப் பிரயோகிக்கப்படுகிறது என்பதே விசாரிக்கத்தக்க விஷயம். ஒரு காலத்தில் மில்ஃபோர்டு வழி, கட்டணம் செலுத்தி வழிகாட்டியுடன் செல்வோருக்கே உரியதாக இருந்தது. 1960-களின் நடுவில் ஒட்டாகோ மலைநடைச் சங்கத்தார் அதை ஆட்சேபித்துத் தாமாகவே நடந்துகாட்டிய பின்னரே, சாமானியருக்கும் அங்கே இடம் பிறந்தது. ஆகவே, இன்றைய 40 இடங்களைச் சர்க்காரின் தயவு என்று கொள்வது பிழை. அவை ஜனங்கள் போராடிப் பெற்ற உரிமை.

அவ்வுரிமைக்கு இப்போது வேறு திசைகளிலிருந்து நெருக்கடி வருகிறது. முன்பதிவு திறந்ததும் பேர்பெற்ற வழிகளின் இடங்கள் வெகு சீக்கிரத்தில் தீர்ந்துவிடுகின்றன. 2018-இலிருந்து சில வழிகளில் வெளிநாட்டாருக்கு அதிகக் கட்டணம் விதிக்கப்படுகிறது; வரி செலுத்திப் பாதையைக் காப்பவர் உள்நாட்டார் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் கூட்டத்தைக் குறைக்கக் கட்டணத்தையே கருவியாகக் கொள்ளத் துணிந்தால், பொதுச்சொத்து தனவந்தரின் கேளிக்கையாகிவிடும்.

எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் ஏற்பாட்டை இதுகாறும் நியாயப்படுத்தி வந்திருப்பவை, விளம்பரமின்றிக் காடுகளில் சிதறிக் கிடக்கும் அவ்விலாகாவின் மற்ற நூற்றுக்கணக்கான குடில்களே. முற்காலத்தில் மான் வேட்டைக்காரர்களுக்காக எழுப்பப்பட்டவை அவற்றுள் பல. வருஷச் சீட்டு ஒன்று வாங்கிய எவரும் பெரும்பாலானவற்றில் முன்பதிவின்றியே தங்கலாம், முந்தி வந்தவருக்குப் படுக்கை. சில வழிகளில் கட்டுப்பாடு, பல வழிகளில் சுதந்திரம் என்ற இந்தச் சமநிலையே அத்திட்டத்தின் உண்மையான பெருமை. புகழ்பெற்ற பதினொன்றுக்கே பணத்தைக் கொட்டி, அந்த எளிய குடில்களை மழைக்கும் கரையானுக்கும் விட்டுவிடுகிற நாளில், மில்ஃபோர்டில் 40 பேர் என்ற விதியை ஆதரிக்க எவருக்கும் நியாயம் இராது.