கடைசியாகத் தொட்டவன்

திருத்தணியிலிருந்து மலையோரத்துக் கிராமங்களுக்குப் போகும் பஸ் ஒன்றில் சில காலம் தினந்தோறும் பிரயாணம் செய்யும் பாக்கியம் எனக்குக் கிட்டியிருந்தது. யாருடைய பஸ் என்று நேயர்கள் கேட்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவையாவது அது நடுவழியில் நின்றுவிடும். ரேடியேட்டரில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். கண்டக்டர் குடத்துடன் கிணறு தேடிப் போவார். நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து தேச விவகாரங்களைத் தீர்த்து வைப்போம்.

முதலில் டிரைவர் பேரில் பழி விழுந்தது. மேட்டில் வண்டியை முறுக்குகிறாராம்! அவரை மாற்றினார்கள். புது டிரைவரும் அதே புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். பிறகு ஃபேன் பெல்ட் வழுக்குகிறது என்று கண்டு வேறு பெல்ட் போட்டார்கள். ஒரு மாதம் சௌக்கியம், மறுபடியும் கொதிப்பு. மூன்றாவது பெல்ட்டும் போன பிறகு, ஒரு வயதான மெக்கானிக் அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். "பெல்ட்டு வழுக்குதுன்னு சொல்றீங்க, சரி. அதுமேல எண்ணெய் எங்கேருந்து வந்தது?" என்றார். எஞ்சினின் முன்புறத்தில் ஆயில் ஸீல் ஒன்று தேய்ந்துபோய்ச் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றியதும் வியாதி தீர்ந்தது. முதல் டிரைவருக்கு மட்டும் பழைய வழித்தடம் திரும்பக் கிடைக்கவில்லை.

பிறரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் நானும் "யார் உடைத்தது?" என்றுதான் முதலில் கேட்கிறேன். கொக்கி கழன்று ஆறு மாதமாக ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது அப்புறந்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

பஸ் நின்றால் புளியமரம் இருக்கிறது. மணிக்கு நூறு மைலுக்குச் சற்றுக் குறைவாகப் பறக்கும் ரயிலுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஆகவே ரயில்வேக்காரர்கள் மிக அழகான ஒரு யுக்தியைக் கையாண்டு வந்திருக்கிறார்கள். 1872ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்ஸன் என்பவர் காப்புரிமை பெற்றது அது. தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரம் ஓடுகிறது. அது ஓடும் வரையில் ரிலே என்னும் காந்தச் சாவி மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டி வந்ததும் சக்கரங்களும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கு வழியில் திருப்பிவிட, சாவி விழுந்து சிவப்பு விளக்கு எரிகிறது. கம்பி அறுந்தாலும் சாவி விழும். மின்சாரம் நின்றாலும் விழும். அதாவது, கருவி கெட்டுப்போனால் வண்டியை நிறுத்திவிட்டே கெட்டுப்போகும். ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. அறுந்த கம்பியை அது கண்டுகொள்ளும். இடம் மாறி இணைத்த கம்பியை அது நம்பிவிடும்.

2023 ஜூன் 2ந் தேதி மாலை ஏழு மணி சுமாருக்கு ஒரிஸ்ஸாவில் பாலசோர் ஜில்லா பஹானகா பஜார் ஸ்டேஷனில் நடந்தது அதுதான். ஷாலிமாரிலிருந்து நமது சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு, நேர் பாதையில் போகலாம் என்று பச்சை விளக்கு காட்டியது. தண்டவாளமோ பக்கத்து லூப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத் தாதுப் பாரத்துடன் ஒரு கூட்ஸ் வண்டி நின்றது. அதன்மேல் மோதிச் சிதறிய பெட்டிகளில் எதிர்த்திசையில் வந்த பெங்களூர்–ஹௌரா எக்ஸ்பிரஸும் சிக்கியது. மாண்டவர்கள் 290 பேருக்கு மேல்.

முதல் இரண்டு நாள் சந்தேகம் எஞ்சின் டிரைவரைச் சுற்றியது. பிறகு சதி என்றார்கள். ஜூலையில் சிக்னல் இலாகா ஊழியர் மூவரைச் சி.பி.ஐ. கைது செய்தது. ஆனால் ரயில்வே பாதுகாப்புக் கமிஷனரின் முடிவு இன்னும் ஆழத்துக்குப் போயிற்று. ஸ்டேஷனுக்கு வடபுறத்திலிருந்த சிக்னல் அறையில் முன்னொரு காலத்தில் செய்த கம்பி மாற்றத்திலும், அன்று 94ம் நம்பர் லெவல் கிராஸிங்கின் மின்சாரத் தடுப்பை மாற்றியபோதும் நேர்ந்த தவறுகளே விபத்துக்குக் காரணம் என்று அவர் கண்டார். பெட்டியில் எழுதிவைத்த பெயர் ஒன்று, உள்ளே ஓடிய கம்பி வேறு. எழுத்தை நம்பிக் கம்பியை இணைத்தவன் கை கடைசிக் கை. பல வருஷங்களாக அந்த எழுத்தைத் திருத்தாமல் விட்ட கைகள் எத்தனையோ!

என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொரு தேதி. 2022 மே 16ந் தேதி, அதே கரக்பூர் டிவிஷனில் பாங்க்ராநயாபாஜ் ஸ்டேஷனில், தவறான கம்பி இணைப்பினாலும் கேபிள் கோளாறினாலும் இதே மாதிரி ஒரு பிசகு நேர்ந்தது. யாரும் சாகவில்லை. அதன் காரணத்தை அன்றே தேடி எங்கும் சரிசெய்திருந்தால் பாலசோர் விபத்து நேர்ந்திராது என்று கமிஷனரே சொல்லியிருக்கிறார். 2023 பிப்ரவரி 8ந் தேதி மைசூர்ப் பக்கம் ஹொசதுர்கா ரோடு ஸ்டேஷனிலும் ஸம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸுக்குச் சிக்னல் ஒன்றும் பாதை வேறொன்றுமாக அமைந்தன. டிரைவர் விழிப்பாக இருந்து வண்டியை நிறுத்தினார். அபாயத்தை எச்சரித்து ஓர் உயர் அதிகாரி மறுநாளே கடிதம் எழுதினார். இரண்டு தடவை இலவசமாகக் கிடைத்த பாடம்! பரீட்சையில் தோற்ற பிறகே பாடப் புத்தகத்தைத் தேடும் மாணவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

இங்கிலாந்திலும் இப்படி நடந்திருக்கிறது. 1988 டிசம்பர் 12ந் தேதி லண்டனில் கிளாபம் ஜங்ஷன் அருகே 35 பேர் மாண்டனர். புதுக் கம்பி போட்ட தொழிலாளி பழைய கம்பியை வெட்டி மூடாமல் விட்டிருந்தார். அது பழைய இடத்தைத் தொட்டு ரிலேயை விழவிடாமல் பிடித்துக்கொண்டது. அவரைத் தண்டித்துக் கோப்பை மூடியிருக்கலாம். விசாரித்த அந்தோணி ஹிட்டன் அப்படிச் செய்யவில்லை. அந்த மனிதருக்குப் பதின்மூன்று வாரத்தில் ஒரே நாள் லீவு கிடைத்திருந்தது. அவர் வேலை செய்யும் முறை தவறு என்று வருஷக்கணக்காக யாரும் சொல்லித் தரவில்லை. முடிந்த வேலையை வேறொருவர் கம்பி கம்பியாக எண்ணிப் பார்க்கவும் இல்லை. 1989ல் வெளிவந்த அறிக்கையில் 93 சிபார்சுகள் இருந்தன. எவரும் வாங்கிப் படிக்கலாம்.

நம் நாட்டிலும் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. 1941லேயே ரயில்வே இன்ஸ்பெக்டர்களை ரயில்வே போர்டின் பிடியிலிருந்து விலக்கினார்கள். இன்று பாதுகாப்புக் கமிஷனர்கள் விமானப் போக்குவரத்து மந்திரி இலாகாவின் கீழ் இருக்கிறார்கள். பிரதிவாதியிடம் சம்பளம் வாங்குகிறவர் நீதிபதியாக இருக்கலாகாது அல்லவா? ஆனால் பாலசோர் அறிக்கையின் சாரம் 2023 ஜூலை 21ந் தேதி ராஜ்ய சபையில் எழுத்து மூலப் பதிலாகத்தான் வந்தது. சி.பி.ஐ. விசாரணை நடப்பதால் முழுவதையும் வெளியிடுவதற்கில்லை என்று அப்போது சொன்னார்கள். வழக்குக்கு அது நியாயமாக இருக்கலாம். மற்ற ஸ்டேஷன்களில் கம்பி இணைக்கிறவர்களுக்கு அந்தப் பாடம் உடனே தேவையாயிற்றே!

ஆடிக் கிருத்திகை முடிந்து காவடிகள் மலையிறங்கும் இரவில் சென்னை மின்சார ரயிலுக்கு நிற்கும் கூட்டத்தை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். மொட்டைத் தலைகளில் சந்தனம், தோளில் தூங்கும் குழந்தைகள். பாதையோரத்தில் பூட்டிய இரும்புப் பெட்டிகள் ஆங்காங்கே நிற்கும்; யாரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போதெல்லாம் நான் பார்க்கிறேன். உள்ளே ஒட்டியிருக்கும் படமும் ஓடும் கம்பியும் ஒத்திருக்கின்றனவா என்று கடைசியாக எவர், எந்தத் தேதியில் திறந்து பார்த்தார் என்று வெளியே ஒரு சீட்டு ஒட்டினால் என்ன?