காலியலும் கன்னித்தமிழும்

தமிழ்த்துறை மலரில் கால் எலும்புகளுக்கு என்ன வேலை என்று வியப்போர் இருக்கக்கூடும். பாதாதிகேசம் என்னும் சிற்றிலக்கிய வகையை மாணாக்கர்க்குப் பாடமாகச் சொல்லும் துறை நம்முடையது. அடிமுதல் முடிவரை ஓர் உடலை வரிசை பிறழாமல் நோக்கி உரைக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. அதிலும் பாதத்தில் தொடங்குவது நமக்கு மிகப் பழகிய வழக்கம். ஆயினும் நம் ஊர்ப் பிள்ளைகள் இன்று அதே பாதத்தைப் பற்றித் தேர்வெழுத அமரும்போது தமிழ் அவர்களுக்குத் துணை நிற்பதில்லை. இக்குறையைப் பற்றியே இங்குச் சில கருத்துகளை முன்வைக்க விழைகிறோம்.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்து வைக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல்லும் ஒன்று. செவிலியர் படிப்புக்கும் இயன்முறை மருத்துவப் படிப்புக்கும் செல்லும் நம் பிள்ளைகளின் தொகையும் பெருகி வருகிறது. அவர்களுள் பலர் தமிழ்வழியில் பயின்றவர்கள். முதலாண்டிலேயே உடற்கூற்றியல் நூல் ஒன்று கையில் தரப்படுகிறது. இரண்டு பாதங்களிலும் சேர்த்து 52 எலும்புகள். உடலின் 206 எலும்புகளில் ஏறத்தாழக் கால்பங்கு. அவற்றைப் பிணைக்கும் நார்கள், அசைக்கும் தசைகள், ஊட்டும் குருதிக்குழல்கள், உணர்த்தும் நரம்புகள் அனைத்துக்கும் இலத்தீன் பெயர்கள். தேர்வுக்கு முந்தைய இரவுகளில் நம் பிள்ளைகள் இப்பெயர்களை மந்திரம்போல் உருவேற்றுவதைக் கண்டிருக்கிறோம்.

மனப்பாடத்தை நாம் இழித்துரைக்க மாட்டோம். நிகண்டைத் தலைகீழாக ஒப்பித்த ஆசிரியர்களின் வழிவந்தவர்களுக்கு அவ்வுரிமை இல்லை. ஆனால் நிகண்டு சொல்லையும் பொருளையும் ஒருசேரத் தந்தது. பொருள் விளங்காத சொல்லை மட்டும் சுமப்பது வேறு காரியம். உட்கணுக்காலின் பின்புறம் செல்வனவற்றை நினைவிற்கொள்ள ஆங்கிலவழி மாணவர்கள் ஆட்பெயர்கள் சிலவற்றைக் கோத்த வேடிக்கை வாசகம் ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். முன்னே இரண்டு தசைநாண்கள், அடுத்துத் தமனி, சிரை, நரம்பு, கடைசியில் மீண்டும் ஒரு தசைநாண் என்னும் அவ்வரிசையைத் தமிழ் மாணவன் ஒரு வெண்பாவில் அடக்கிவிடலாம். தளை தட்டினாலும் பரவாயில்லை, நரம்பும் தமனியும் இடம் மாறாதிருந்தால் போதும்!

பாத மருத்துவம் என்பது அமெரிக்காவில் நான்காண்டுத் தனிப்படிப்பு. அங்கு அதற்குரிய தேசியத் தேர்வின் முதற்பகுதியில் உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், நோய்க்குறியியல், மருந்தியல் ஆகியவற்றோடு கீழுறுப்பு உடற்கூற்றியலும் தனிப் பாடமாக இடம்பெறுகிறது. நம் நாட்டில் இதற்கெனத் தனிப் படிப்புகள் அரியனவே. அறுவை மருத்துவரும் நீரிழிவு மருத்துவரும் செவிலியரும் இயன்முறையாளரும் இப்பணியைப் பகிர்ந்து செய்கின்றனர். பணி பகிரப்படலாம், கற்க வேண்டிய அடிப்படை எங்கும் ஒன்றுதான்.

அவ்வடிப்படை எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு நாம் காட்டக்கூடியது, நம் சமவெளியில் காணும் ஒரேயொரு புண். வேடசந்தூர்ப் பக்கம் காட்டுவேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். நீரிழிவு வந்து பத்தாண்டுகள் ஆகின்றன. காலில் சீமைக்கருவேல முள் தைத்ததை அவர் உணரவில்லை. ஏன்? மிகைச் சர்க்கரை நரம்பிழைகளைக் கெடுத்துவிட்டது, இது உயிர்வேதியியல். பாதத்தின் சிறு தசைகள் வலுவிழந்து விரல்கள் நகம்போல் வளைய, விரல்களின் அடியிலுள்ள எலும்பு முனைகள் நடைப்பாரத்தைத் தாங்குகின்றன, இது உடற்கூற்றியல். வியர்வை வற்றித் தோல் வெடிக்கிறது, இது உடலியங்கியல். வெடிப்பில் கிருமி புகுந்தது நுண்ணுயிரியல். குழல் சுருங்கிக் குருதி வராததால் தசை அழுகியது நோய்க்குறியியல். கொடுத்த மருந்து குருதியோட்டமில்லாத இடத்துக்குச் சென்று சேராதது மருந்தியல். ஆறு பாடங்களும் அந்த ஒரு புண்ணில் கூடிவிட்டன. அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்வுக்காகப் படித்து மறந்தவர், அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே இழக்க நேரும் நாளில்தான் அதன் விலையை அறிவார். விலையைக் கொடுப்பவரோ அந்தக் காட்டுவேலைக்காரர். 2023-இல் வெளியான தேசிய ஆய்வொன்று இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேல் என்று கணித்தது. இது அயலூர்ச் செய்தியன்று.

மொழிச் சிக்கல் இவ்விடத்தில்தான் எழுகிறது. நம் மக்கள் பேச்சில் 'நரம்பு' என்னும் ஒரே சொல் எத்தனை வேலை செய்கிறது! கெண்டைக்காலில் புடைத்துச் சுருண்ட சிரையை 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்கிறோம். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் பிசகினால் 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்கிறோம். உணர்வு மங்கினாலும் நரம்புத் தளர்ச்சி என்கிறோம். முற்காலத்தில் கிணற்று நீரால் பரவிக் காலில் புழுவாக வெளிப்பட்ட நோய்க்கும் நரம்புச் சிலந்தி என்றே பெயர். (அந்நோய் இந்தியாவில் அறவே ஒழிந்ததென்று 2000-இல் சான்றளிக்கப்பட்டது, சொல் மட்டும் அகராதியில் எஞ்சி நிற்கிறது.) 'கால்' என்றாலோ தொடை முதல் விரல் வரை எதுவாகவும் இருக்கலாம். தோல் வறட்சியால் வருவதைப் பித்தவெடிப்பு என்கிறோம். அடிப்பாதத் திசுப்பட்டையின் நோவைக் குதிவாதம் என்கிறோம். ஆங்கிலப் பாடநூலை மட்டும் உருவேற்றிய மாணவி நோயாளியின் எதிரே அமர்ந்து 'நரம்பு வலிக்கிறது' என்று கேட்கும்போது, அது சிரையா, தசைநாணா, நரம்பா என்று பிரித்தறிய எந்த நூல் அவளுக்குக் கற்பித்தது?

இதை ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848-இல் மருத்துவ வகுப்பைத் தொடங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். 1864 முதல் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். முப்பதுக்கும் மேற்பட்டோர் தமிழிலேயே மருத்துவம் கற்றுத் தேறினர். உடற்கூற்றியலுக்கு அவர் வழங்கிய சொல் அங்காதிபாதம். அச்சொல்லில் கேசாதிபாதத்தின் ஓசை நம் செவியில் விழத்தான் செய்கிறது. இலண்டனில் 1858-இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் 1872-இல் தமிழில் அச்சேறிற்று. அவர்தம் குழுவினர் ஆக்கிய சொற்கள் எல்லாம் நிலைக்கவில்லை. வேதியியலைக் 'கெமிஸ்தம்' என்று எவரும் இன்று சொல்வதில்லை. வடமொழிச் சொற்கள் மிகுதி என்ற குறையும் உண்டு. எனினும் தொடையெலும்பையும் கெண்டைக்கால் தசையையும் பற்றித் தமிழில் வினாத்தாள் அமைத்து, தமிழில் விடை எழுதிய மாணாக்கரைக் கண்ட மண் அது. முடியாது என்போர்க்கு அது ஒன்றே போதுமான விடை.

தமிழ் மண்ணில் கால் பற்றிய அறிவு உலகுக்கே சென்ற கதையும் உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமே அழுகி உதிர்வதாக அந்நாள் வரை பலரும் நம்பினர். உணர்விழந்த கை கால்களை அடிபடுவதிலிருந்தும் சூட்டிலிருந்தும் காக்க இயலாமையே பெரும் காரணம் என்று அவரும் உடன் உழைத்தோரும் காட்டினர். முழங்காலுக்குக் கீழ் வெளிப்புற எலும்பின் கழுத்தைச் சுற்றிச் செல்லும் நரம்பு கெட்டால் பாதம் தொங்கிவிடும். அப்போது கணுக்காலின் உட்புறம் செல்லும் தசைநாண் ஒன்றைத் திருப்பி முன்புறம் பொருத்திப் பாதத்தை மீண்டும் தூக்கச் செய்யும் அறுவை வேலூரிலும் கரிகிரியிலும் செய்யப்பட்டது. எந்தத் தசை எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்று தேர்வுக்கு உருவேற்றுகிறோமே, அதன் பயன் இதுதான். உணர்விழந்த பாதத்துக்கு மென்மையான நுண்ணறை ரப்பர் அடித்தளம் கொண்ட செருப்பு வேண்டும் என்பதும் அப்பணியில் பரவிய பாடம். திண்டுக்கல் தோல் பதனிடும் ஊர். ஊரார் காலணிக்கு இங்கிருந்து தோல் செல்கிறது. நம் ஊர் நோயாளியோ தேய்ந்த செருப்போடு, சிலவேளை அதுவும் இன்றி, மருத்துவமனைக்கு வருகிறார். தைப்பூசக் காலத்தில் பழனிச் சாலையில் வெறுங்காலுடன் செல்லும் அன்பர்களிலும் நீரிழிவு உடையோர் இல்லாமல் இல்லை.

கலைச்சொற்கள் உலகப் பொதுவானவை, தேர்வும் ஆங்கிலத்தில்தான், பிறகு தமிழ் எதற்கு என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்வி. தேர்வை ஆங்கிலத்தில் எழுதட்டும். வெளிநாடு செல்வோர்க்கு அது இன்றியமையாததுங்கூட. ஆனால் புரிதல் தாய்மொழியில் நிகழட்டும் என்கிறோம். தமிழ்நாடு பாடநூல் கழகம் அண்மை ஆண்டுகளில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் முயற்சியில் இறங்கியிருப்பது பாராட்டத்தக்கது. அம்முயற்சி நூலகத் தட்டில் உறங்காதிருக்க, தமிழ் ஆசிரியரும் மருத்துவ மாணவரும் ஒரு மேசையில் அமர வேண்டும். நம் மாணவர்க்கு நாம் கூறும் எளிய வழி, தம் காலையே நூலாகக் கொள்வது. பெருவிரலை மேலே தூக்கினால் புடைக்கும் தசைநாணின் வெளிப்பக்கத்தில் விரலை வைத்தால் நாடி துடிக்கும். உட்கணுவின் பின்னே மற்றொரு நாடி. இரண்டையும் தொட்டுணர்ந்து, தமிழில் ஒருமுறையும் இலத்தீனில் ஒருமுறையும் சொல்லிப் பார்த்தவர் தேர்வறையில் தடுமாற மாட்டார்.

சமுதாயப் பெரியோரிடமும் ஒரு வேண்டுகோள். நாளுக்கு ஐவேளை ஒளுச் செய்பவர் ஐந்துமுறை தம் பாதத்தைத் தொடுகிறார். கணுக்கால் வரை கழுவி விரலிடுக்கிலும் நீர் சேர்க்கிறார். அவ்வேளையில் கண்ணும் பாதத்தில் பட்டால் கொப்புளமும் வெடிப்பும் அன்றே தெரிந்துவிடும். பின் விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்துவிட்டால் சேற்றுப்புண்ணுக்கும் இடமிராது. பேகம்பூரில் ஒரு முதியவர்க்கு இதைத் தமிழில் விளங்கச் சொல்லக்கூடிய செவிலியர் மாணவி, பாதி மருத்துவம் செய்தவள் ஆவாள்.

இறுதியாக, நம் துறை இவ்வாண்டே தொடங்கக்கூடிய பணி ஒன்று உண்டு. மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊர்களில், நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் ஒட்டன்சத்திரத்திலும், கால் நோயைப் பற்றி மக்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்து வரட்டும். மரத்துப்போதல், மதமதப்பு, எறும்பு ஊர்தல், பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருத்தல், செருப்பு கழன்றதே தெரியாமை என்று அப்பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த நரம்பு, எந்தக் குழல், எந்தத் தசை என்று மருத்துவ மாணவர்கள் எழுதித் தரட்டும். அச்சிட நாற்பது பக்கங்கள் போதும் என்று கருதுகிறோம்.