தலையெழுத்து போய் எலும்பெழுத்தா?

பிரமன் ஒவ்வொருவன் தலையிலும் எழுதி வைத்து விட்டான், அதை யாராலும் அழிக்க முடியாது என்று நம் மக்களுக்கு வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். மண்டையோட்டின் பொருத்துக் கோடுகளைக் காட்டி, "இதோ பார் அந்த எழுத்து" என்று ஏமாற்றினவர்களும் உண்டு. இன்று படித்தவர்களில் பலர் தலையெழுத்தை நம்புவதில்லை என்று சொல்லிக் கொள்ளுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அதே ஆசாமிகள், வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்து, எலும்பு ஸ்கேன் படம் கைக்கு வந்தவுடன், அதிலுள்ள கறுப்புப் புள்ளிகளைப் பிரமன் எழுத்தாகவே பாவித்து, "எல்லாம் முடிந்து விட்டது" என்று வீட்டுக்குத் திரும்பி விடுகிறார்கள். தலையெழுத்தை ஒழித்து விட்டு எலும்பெழுத்தைக் கும்பிடுவதற்குப் பெயர்தான் பகுத்தறிவா என்று கேட்கிறோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்ளுவோம். பெரியவருக்குப் பிராஸ்டேட் சுரப்பியில் புற்று; எலும்புக்கும் பரவியிருக்கிறது. வைத்தியம் ஆரம்பமாகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுக்கிறார்கள். முதல் படத்தில் 5 புள்ளிகள் இருந்தன. இப்போது 7 இருக்கின்றன. ஆனால் பெரியவருக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது, இரவில் தூங்குகிறார், ரத்தப் பரிசோதனைக் கணக்கும் இறங்கியிருக்கிறது. "மருந்தை நிறுத்தாதீர்கள், சில வாரம் பொறுத்து மறுபடி பார்ப்போம்" என்கிறார் டாக்டர். வீட்டில் பந்துக்கள் கூடுகிறார்கள். "5 போய் 7 ஆன பிறகும் மருந்துக்குப் பணம் கட்டுவது தண்டம்" என்கிறார் ஒருவர். ஜோசியன் சனியின் மேல் பழியைப் போட்டுப் பரிகாரத்துக்குச் சீட்டு எழுதுகிறான். வேர்ப்பொடி விற்கிறவனுக்கு யாரோ சொல்லியனுப்புகிறார்கள். மருந்து நின்று போகிறது. பிறகு வலி திரும்புகிறது. முதுகெலும்பு நொறுங்கி, கால்கள் விழுந்து போகின்றன. அப்போதும் இவர்கள் வெட்கப்படுவதில்லை. "பார்த்தீர்களா, விதி!" என்கிறார்கள்.

விதியுமல்ல, சனியுமல்ல. அந்தப் படம் எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை என்று ஒருவரும் கேட்காததே காரணம். ஆகையால் அதைக் கொஞ்சம் விளக்குவோம்.

எலும்பு என்றால் கல் போலச் செத்த பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1935-இல் ஹெவெஷி என்னும் ஹங்கேரிய விஞ்ஞானி கோபன்ஹேகனில் எலிகளுக்குக் கதிர் வீசும் பாஸ்பரஸைக் கொடுத்து, அது எலும்புக்குள் போவதையும், பிறகு அங்கிருந்து வெளியேறுவதையும் கணக்கெடுத்தார். உயிருள்ள எலும்பு ஓயாமல் இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகிறது என்பது அதனால் தெளிவாயிற்று. இப்படிக் கதிர்ப் பொருளை ஒற்றனாக அனுப்பி ஆராயும் முறைக்காக அவருக்கு 1943-ஆம் வருஷத்திய நோபல் பரிசு கிடைத்தது.

இன்று எலும்பு ஸ்கேனுக்கு அனுப்பும் ஒற்றன் டெக்னீசியம் என்பது. இது பூமியில் இயற்கையாக அநேகமாகக் கிடையாது. 1937-இல் இத்தாலியில் பெர்ரியெர், செக்ரே என்ற இருவர் இதைக் கண்டெடுத்தார்கள். செயற்கையானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே பிறகு பெயராக வைத்தார்கள். ஆறு நாளில் உலகத்தைப் படைத்ததாகச் சொல்லப்படுகிற கடவுளும், எழுதுகோல் பிடித்த பிரமனும் பூமியில் வைக்காமல் போனதை மனிதன் செய்து கொண்டான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். இதைப் பாஸ்பேட் சேர்ந்த கூட்டுப் பொருளோடு இணைத்து எலும்புக்கு அனுப்பும் வழியை 1971-இல் சுப்ரமணியன், மெக்காஃபி என்ற இருவர் அமெரிக்காவில் வெளியிட்டார்கள்.

மருந்தை நரம்பில் ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருக்கச் சொல்லி, நிறையத் தண்ணீர் குடிக்கச் செய்து, சிறுநீர் கழித்த பின் படுக்க வைக்கிறார்கள். மேலே நிற்கிற காமிரா எந்தக் கதிரையும் வீசுவதில்லை. உடம்பிலிருந்து வருகிற கதிரை வாங்கிப் படமாக்குகிறது, அவ்வளவுதான். எங்கே எலும்பைக் கட்டும் வேலை அதிகமாக நடக்கிறதோ அங்கே மருந்து அதிகமாகச் சேர்ந்து கறுப்பாகத் தெரியும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஸ்கேன் புற்றைப் பார்ப்பதில்லை. புற்று வந்த இடத்தில் எலும்பு செய்கிற ரிப்பேர் வேலையைத்தான் பார்க்கிறது. அது திருடனைக் கண்ட சாட்சியல்ல. திருடன் கன்னம் வைத்த சுவரில் கொத்தனார் வேலை செய்வதைக் கண்ட சாட்சி. கொத்தனார் வருவதற்குத் திருடன் ஒருவன்தானா காரணம்? பழைய எலும்பு முறிவு, மூட்டு வாதம், விழுந்து விலா அடிபட்டது, எல்லாவற்றுக்கும் அவன் வருவான். ஆகவே ஒரே ஒரு விலாவில் ஒரு புள்ளி இருப்பதைப் பார்த்துப் புற்று பரவி விட்டதென்று ஒப்பாரி வைப்பது அறிவீனம்.

மருந்து நன்றாக வேலை செய்து புற்று பின்வாங்கினால் என்ன ஆகும்? இடிந்த இடத்தைக் கட்ட முன்னிலும் அதிகமான கொத்தனார்கள் வருவார்கள். அதனால் வைத்தியம் ஆரம்பித்த முதல் சில மாதங்களில் பழைய புள்ளிகள் இன்னும் கறுப்பாகலாம். முதலில் கண்ணுக்குத் தெரியாதிருந்தவை புதிதாகவும் தெரியலாம். மார்பகப் புற்றிலும் பிராஸ்டேட் புற்றிலும் இது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஆறுகிற புண்ணைப் பார்த்து, அழுகுகிற புண் என்று சொல்லி மருந்தை நிறுத்தினால், அந்தக் கொலைக்கு யார் பொறுப்பு?

இதற்காகவே பிராஸ்டேட் புற்று நிபுணர்கள் கூடி, புது மருந்துகளைச் சோதிப்பதற்கு 2008-இல் ஒரு விதி வெளியிட்டார்கள். வைத்தியம் தொடங்கிய பின் எடுக்கும் முதல் ஸ்கேனில் 2 புதுப் புள்ளிகள் தெரிந்தால் மட்டும் நோய் முற்றியதென்று தீர்மானிக்கக் கூடாது. அடுத்த ஸ்கேனில் மேலும் 2 புதியவை வந்தால்தான் முற்றியதாகக் கொள்ள வேண்டும் என்பதே அது. தங்கள் கருவி எங்கே பொய் சொல்லக் கூடும் என்று தாங்களே கண்டுபிடித்து, அதை ஊரறியச் சொல்லி, அதற்குக் காவலும் போடுகிறார்கள். எந்த ஜோசியனாவது, எந்தக் குறிசொல்லியாவது தன் ஏடு எத்தனை தடவை பொய்த்தது என்று கணக்குக் காட்டியதுண்டா?

இது ஒருபுறமிருக்க, புள்ளியே இல்லாவிட்டால் நோயே இல்லை என்று குதிப்பதும் அதே மூடத்தனந்தான். மயலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றில் எலும்பு இடியுமே தவிர, கட்டும் வேலை அதிகம் நடப்பதில்லை. ஆகவே இந்த ஸ்கேனில் அது பெரும்பாலும் தெரிவதில்லை. சிலருக்கு எலும்பெல்லாம் நோய் நிறைந்து, படம் முழுவதும் ஒரே சீராகக் கறுத்து, அனுபவமில்லாத கண்ணுக்கு நன்றாயிருப்பது போலவே தோன்றும். ஆகவேதான் வலி, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகிய மற்றச் சாட்சிகளையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஸ்கேன் மருந்தால்தான் நோய் பரவுகிறது" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகி, ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்காகி விடும். இந்த ஸ்கேனில் உடம்புக்குச் சேரும் கதிர் ஏறக்குறைய 4 அல்லது 5 மில்லிசீவெர்ட். மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் காற்றிலிருந்தும் ஒரு மனிதனுக்கு வருஷத்தில் சேருவதோ உலகச் சராசரியாக 2.4. இரண்டு வருஷத்தில் சும்மா இருந்தே வாங்குவதை ஒரே நாளில் வாங்குகிறோம். இதனால் புற்று பரவாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும்.

நிற்க, மறு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. ஸ்கேனை ஒரு தெய்வமாக்கி, தேவையோ இல்லையோ, எல்லோரையும் அதன் சன்னிதியில் படுக்க வைத்துக் காணிக்கை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆரம்ப நிலையில், பரவும் அபாயம் குறைவாயிருக்கிற மார்பகப் புற்றுக்கும் பிராஸ்டேட் புற்றுக்கும் எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கமே 2012-இல் சொல்லி விட்டது. வேண்டாத ஸ்கேனில் வேண்டாத புள்ளி தெரியும்; அதைத் துரத்திக் கொண்டு இன்னும் நாலு பரிசோதனை; அதற்குள் ஏழையின் காணி விற்றுப் போகும். கோவில் உண்டியலில் போட்டு ஏமாறினாலும், கருவியின் உண்டியலில் போட்டு ஏமாறினாலும் ஏமாற்றம் ஏமாற்றந்தான்.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தப் படம் வந்தால், புள்ளியை எண்ணி அழாதீர்கள். டாக்டரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்: "இந்த ஸ்கேன் இப்போது எதற்கு? முந்திய படத்தோடு ஒப்பிட்டீர்களா? இது நோய் பரவிய புள்ளியா, எலும்பு ஆறுகிற புள்ளியா? எந்தப் பரிசோதனையால் அதை உறுதி செய்வீர்கள்? மறுபடி எப்போது பார்ப்பது?" என்று கேளுங்கள். பதில் சொல்லுவது அவர் கடமை. அந்தப் பதில் வரும் வரை ஊரார் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். நோய் மெய்யாகவே முற்றியிருந்தாலும், வேறு மருந்துண்டா, கதிர் வைத்தியத்தால் வலியைத் தணிக்கலாமா என்று கேளுங்கள். கேள்வி கேட்க முடியாத எழுத்தை நம் தலையிலிருந்து அழித்தவர்கள், அதைக் கொண்டு போய் எலும்பில் எழுதிக் கொள்ளக் கூடாது என்பதே நமது அபிப்பிராயம்.