கூரைக்கும் ஒரு குடை வேண்டும்

ளுஹர் தொழுதுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், எங்கள் அறையில் அரை மணி நேரம் இருக்க முடியாது. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி அனலைத்தான் தருகிறது. உம்மம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுவார். "ஊட்டுக்குள்ள இருந்தா வேகுது மகள்" என்பார். வீடோ புதியது. தரைக்கு டைல், வாசலுக்குப் பெரிய கேற். கூரைக்கு மட்டும் மிஞ்சிய காசில் வாங்கிய சீற்.

கிழக்கிலங்கையில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது நம்மவர் வழமை. அதற்காக எத்தனையோ வாப்பாமார் கடல் கடந்து உழைக்கிறார்கள். அந்த உழைப்பின் பெரும்பங்கு ஊரார் கண்ணில் படும் இடங்களுக்கே போகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

நமது பகுதியில் ஏப்ரல் முற்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதி, செப்டெம்பர் தொடக்க நாட்களிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆகவே நண்பகலில் சுவரைவிடக் கூரையே அதிக வெயிலை வாங்குகிறது. சூடேறிய சீற் சீலிங்கை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. சீலிங் நம்மை நோக்கிக் கதிர்வீசுகிறது. மின்விசிறி அதைத் தடுப்பதில்லை. நமது வியர்வையை உலர்த்துவதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

தடுக்க வேண்டிய இடம் கூரையின் அடிப்பக்கம். அங்கே அலுமினியத்தாள் ஒட்டிய வெப்பக் காவலியை விரிக்கலாம். அதன் பளபளப்பான முகம் கீழே, காற்றிடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும். சீலிங்கோடு ஒட்டிக் கிடந்தால் அந்தப் பளபளப்பால் பயனில்லை. சீலிங்குக்கு மேலே தேங்கும் சூடான காற்று வெளியேற, முகட்டருகே துவாரங்கள் விட வேண்டும். ஏசி பூட்டிய அறையென்றால், சீலிங்கில் வயர் இறங்கும் ஓட்டைகளையும் விளிம்பு வெடிப்புகளையும் அடைப்பது அவசியம். இல்லாவிட்டால் காசு கொடுத்துக் குளிராக்கிய காற்று வெளியே போய், சூடான காற்று உள்ளே வரும்.

"இதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்ததை நம் வீடுகள் மறக்கவில்லை. பிறகு குறைந்தாலும், பில் வரும் நாளில் உம்மாவின் முகம் இன்னும் மாறத்தான் செய்கிறது. காவலிக்கு ஒருமுறை செலவழித்தால் போதும்; பில் மாதா மாதம் வரும். அதற்கும் வசதியில்லாதோர் கூரையின் மேற்புறத்துக்கு வெள்ளை நிறம் பூசினாலே வெயிலின் ஒரு பங்கு திரும்பிப் போகும். ஆனால் அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதைச் சுரண்டவோ வெட்டவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

காசைவிடப் பெரிய தடை வேறொன்று. கூரையைப் பற்றி வாப்பாவும் மேசனும் ஓடாவியும் பேசி முடிக்கிறார்கள். நண்பகலில் அந்தக் கூரையின் கீழ் அடுப்போடு நிற்பவர் உம்மா, படிப்பவள் நான், நோயோடு படுத்திருப்பவர் உம்மம்மா. எங்களிடம் டைலின் நிறத்தைத்தான் கேட்கிறார்கள்.

எனக்கான வீட்டுக்கு வாப்பா அத்திவாரம் போட்டிருக்கிறார். "கேற்றைப் பிறகு பார்ப்போம், முதலில் கூரைக்குக் காவலி போடுங்கள்" என்று கேட்டேன். "ஓடாவிட்ட கேட்டுப் பாப்பம்" என்றார். ஓடாவி வரும் நாளில் உம்மாவும் உம்மம்மாவும் நானும் வீட்டில்தான் இருப்போம். இம்முறை நாங்களும் பேசுவோம்.