இரண்டு வருடத்தோடு கையை விட்டுவிடக் கூடாது

திருவாதவூர்ப் பக்கம் ஒரு வீட்டில், காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையன் திடீரென்று போகாமல் நின்றுவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. ஃபேன் சத்தத்துக்குள் யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்கிறான். அம்மா போட்ட சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளுகிறான். கோடாங்கியிடம் குறி கேட்பார்கள், பாண்டி கோயிலில் வேண்டிக்கொள்வார்கள். "ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாப் போகும்" என்பார் பெரியப்பா. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும்.

சாமி கும்பிடுவதை நாம் குறை சொல்லவில்லை. கயிறும் கட்டட்டும், மாத்திரையும் போடட்டும். சைக்கோசிஸ் என்னும் இந்த மனப்பிறழ்வுக்குச் சீக்கிரம் வைத்தியம் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. அந்தப் பலன் எத்தனை காலம் நிற்கும் என்பதுதான் இன்றைய கேள்வி.

டென்மார்க்கில் 1998 முதல் 2000 வரை, முதன்முறை நோய் கண்ட 547 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம். மறுபாதிக்கு இரண்டு வருடம் தனிக் கவனிப்பு: வீடு தேடி வரும் ஊழியர், குடும்பத்துக்கு நோயைப் புரியவைக்கும் வகுப்பு. இரண்டு வருட முடிவில் கவனிப்புப் பெற்றவர்கள் தெளிவாகத் தேறியிருந்தார்கள். அதன்பின் அவர்களும் வழக்கமான வைத்தியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஐந்தாம் வருடத்தில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. இருபதாம் வருடத்தில் இரு தரப்பும் ஒன்றுதான்.

இதைக் காட்டி, 'பிறகு எதற்கு இந்தச் செலவு?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. தண்ணீர் பாய்ச்சியவரை பயிர் நின்றது, நிறுத்தியதும் வாடியது. குறை தண்ணீரிலா? ஹாங்காங்கில் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில், ஆரம்பத்திலேயே தனிக் கவனிப்புப் பெற்றவர்களில் தற்கொலை 4.4 சதவீதம், பெறாதவர்களில் 7.5. வேறு எந்தப் பலனும் நிலைக்காவிட்டாலும், பிழைத்த அந்த உயிர்களே போதுமான கணக்கு.

நம்மிடம் இருக்கும் பலத்தையும் பார்க்க வேண்டும். சென்னை ஸ்கார்ஃப் மனநல நிறுவனமும் கனடாவின் மான்ட்ரியல் நகர மருத்துவர்களும் ஒரே முறையில் இரண்டு வருடம் வைத்தியம் பார்த்து ஒப்பிட்டார்கள். சென்னையில் 168 பேர், அங்கே 165 பேர். மான்ட்ரியலில் நூற்றுக்கு 19 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். சென்னையில் ஒருவர்தான். சென்னையில் குடும்பங்கள் ஆரம்பம் முதல் கூடவே வந்தன என்பது முக்கியமான காரணம்.

ஆனால் குடும்பமும் களைத்துப்போகும். மாத்திரை அட்டையை மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். விருந்தாளி கண்ணில் பட்டால் மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயம். மாதா மாதம் மகனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. பையன் ஆறு மாதம் நன்றாக இருந்தால் 'குணமாயிருச்சு' என்று மாத்திரையை அவர்களே நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பும்போது படிப்பு போயிருக்கும், வேலை போயிருக்கும், வீடும் கடனில் இருக்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு தீயில் மாண்ட 28 மனநோயாளிகளை மறக்க முடியுமா? அவர்கள் ஒவ்வொருவருக்கும் நோய் தொடங்கிய முதல் நாள் என்று ஒன்று இருந்திருக்கும்.

அதனால், முதன்முறை நோய் கண்ட ஒவ்வொரு இளைஞரையும் குறைந்தது ஐந்து வருடம் அரசு பின்தொடர வேண்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எழுதித்தரும் மாத்திரையும், மாதம் ஒருமுறை போடும் ஊசியும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தட்டுப்பாடில்லாமல் கிடைக்க வேண்டும். ஐந்து வருடமும் முகம் தெரிந்த ஒரே ஊழியர் அந்த வீட்டுக்குப் போகட்டும். டென்மார்க்கில் ஐந்து வருடமாக நீட்டிப் பார்த்தும் கூடுதல் பலன் இல்லையே என்பார்கள். அங்கே சாதாரண வைத்தியமே நன்றாக இருக்கிறது. இங்கே தனிக் கவனிப்பு முடிந்தால் அடுத்து நிற்க இடமில்லை. மான்ட்ரியலில் அதே ஐந்து வருடக் கவனிப்பு, நோய் அடங்கியிருந்த காலத்தைக் கூட்டியிருக்கிறது.

இதற்குப் புதிதாக ஒரு துறை வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் முதல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுபோகும் அந்த அக்காவின் பையிலேயே, அடுத்த தெருப் பையனின் மாத்திரையும் இருக்கட்டும்.